செருப்பு இருந்த வாசல்

சாங்வி, புனே
5 பிப்ரவரி 2002

சிரஞ்சீவி கௌஷிக்கிற்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை அப்பாவும் நானும் சௌக்கியம். நீயும் மாட்டுப்பெண் வைஷுவும் அந்தக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். அதென்ன இந்த நிமிஷம் வரை என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல முடியாது, நீ கூப்பிட்டால் உன் அப்பா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். தமிழ் படிக்கச் சோம்பலாக இருந்தால் வைஷுவைப் படிக்கச் சொல்லிக் கேள், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிறகு அப்பாவுக்கு மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசி போடுகிறோம். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அங்கே கூட்டம் கூட்டமாக ஆட்களை வேலையை விட்டு எடுக்கிற நேரத்தில் இது தெரிந்தால் நீ பிளேன் ஏறி வந்து நிற்பாயாம், உன் வேலை போய்விடுமாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷரிடம் நான் என்ன பேச. ஊசி போட்டுக்கொண்டால் வேளைக்குச் சாப்பிட வேண்டும், தப்பினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளுக்கு நினைவே தப்பிவிடும் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

நீ இன்டர்நெட்டில் எடுத்து அனுப்பினாயே, பழைய புனேயைத் துணைக்கு ஆள் இல்லாமல் நாமே நடந்து பார்க்கிற வரைபடம், அதை அப்பா பழைய ஆபீஸ் ஃபைல் மாதிரி படித்தார். இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருந்தும் சனிவார் வாடா கோட்டையைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். நீ வந்ததும் சேர்ந்து போகலாம் என்று எடுத்து வைத்திருந்தார். டிசம்பரிலும் நீ வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று என்னிடம், பாலா கிளம்பு, அவன் வரும்போது எல்லா இடமும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும், நான்தான் அவனுக்கு விளக்கிச் சொல்லுவேன் என்றார். ஊசி போட்டுக்கொண்டார், பஸ் போய்விடும் என்று உப்புமாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நான் கத்தினேன், கேட்டால்தானே.

சனிவார் வாடாவின் ஆணி பதித்த கதவு, லால் மஹால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து பென்சிலால் டிக் போட்டுக்கொண்டு வந்தார். மேலே பார்க்கவும் என்று அந்தக் காகிதத்தில் எங்கெல்லாம் போட்டிருந்ததோ அங்கெல்லாம் நடு ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார், ஸ்கூட்டர்காரன்கள் திட்டிக்கொண்டே போனார்கள். கஸ்பா கணபதியில் குருக்கள் கை நிறையக் கல்கண்டு பிரசாதம் கொடுத்தார். எனக்கு ஷுகர், வேண்டாம் என்று இவர் கையை இழுத்துக்கொண்டார். சுவாமி பிரசாதம் ஆயிற்றே என்று நான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

துளசிபாக்கில்தான் வந்தது வினை. ராமர் கோயிலைச் சுற்றிலும் கடைகள், உனக்குத் தெரியும், எனக்குப் பித்தளைப் பாத்திரத்தைக் கண்டால் கால் நகராது. நீங்கள் போய் சேவித்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே நிற்கிறேன் என்றேன். நீ போன தடவை வாங்கிக் கொடுத்த கோலாப்பூரியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒரு குத்துவிளக்கைப் பேரம் பேசி முடித்தேன், ஆள் வரவில்லை. எனக்குக் கவலையே இல்லையடா. செருப்பு இங்கே இருக்கிறது, மனுஷன் எங்கே போவார்? நம் ஊர்க் கோயில்களில் செருப்பை விட்ட வாசலுக்குத்தானே திரும்பி வருவோம், அந்தப் புத்தியில் ஜோடிச் செருப்புக்குக் காவல் நின்றேன். ரொம்ப நேரமாகி உள்ளே போய்ப் பார்த்தால் மண்டபத்தில் அவர் இல்லை. எதிர்ப் பக்கம் இன்னொரு வாசல் திறந்து கிடக்கிறது. செருப்பு போடாமல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டாதவர் வெறுங்காலோடு வெளியே போயிருக்கிறார் என்றால் அவருக்கு நினைவு சரியில்லை. அந்தப் பாதி உப்புமா என் கண் முன்னால் வந்து நின்றது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்குத் தெரிந்த மராத்தியில் கடை கடையாக, வெறுங்கால், வெள்ளைச் சட்டை, கையில் காகிதம் என்று கத்தினேன். ஒரு வளையல்காரி, அந்தக் காகா, அதாவது பெரியவர், தள்ளாடிக்கொண்டு பாஜிராவ் ரோட் பக்கம் போனார் என்று கை காட்டினாள். அந்த ரோட்டில் பஸ் வருகிற வேகம் உனக்கே தெரியும். எங்கே போயிருப்பார் என்று யோசித்தேன். நினைவு தப்பினாலும் வரிசை தப்ப மாட்டார், காகிதத்தில் அடுத்தது விஸ்ராம்பாக் வாடா மாளிகைதானே என்று குறுக்கே ஓடினேன். எப்படிக் கடந்தேன் என்று கேட்காதே.

அங்கே வாசலில் கூட்டம். பேவ்டா, பேவ்டா என்று ஒருத்தன் சிரிக்கிறான், குடிகாரனாம், உன் அப்பாவை. காப்பியைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷரை. படியில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார், ஆனால் பேசிக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் காலியாக இருந்த படியைப் பார்த்துத் தமிழில் பேசுகிறார். மேலே பாருடா கௌஷிக், அவ்வளவும் மரம்டா, அந்தத் தூணைப் பாரு, எப்படிச் செதுக்கியிருக்கான் பாரு என்கிறார். அப்புறம் முந்தானை முடிச்சு ஞாபகம் வந்தது. கல்கண்டை எடுத்து அவர் வாயில் போட்டேன், துப்பப் பார்த்தார், அதட்டினேன், மென்றார். டீக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மெதுவாகக் கண் தெளிந்தது. என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, எங்கே அவன், இப்போ இங்கேதானே இருந்தான் என்று. ஆட்டோ கூப்பிடப் போயிருக்கான் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். ஆட்டோ வந்தது, ஏறி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார், என்னையும் நகரச் சொன்னார், உனக்கு இடம் விட்டு. ஔந்த் தாண்டுகிற வரைக்கும் அந்த இடம் அப்படியே இருந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. டாக்டர் ஊசி அளவைக் குறைத்திருக்கிறார், பையில் எப்போதும் குளுக்கோஸ் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் படியில் உட்கார்ந்து பேசியது எதுவும் ஞாபகம் இல்லை, நானும் சொல்லவில்லை. மண்டய் மார்க்கெட் பாக்கி இருக்கே, அடுத்த வாரம் போலாமா என்கிறார். சாயங்காலம் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் எட்டிப் பார்க்கிறார். உன் மேல் எனக்குக் கோபம்தான் கௌஷிக், மறைக்க மாட்டேன். மூன்று டிசம்பராக வருகிறேன் வருகிறேன் என்று எழுதுகிறாய். வேலை முக்கியம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

போனில் இதைப் பற்றி வாயைத் திறக்காதே, சாப்பிட்டேளாப்பா என்று மட்டும் கேள், அதையும் தினம் கேள். வைஷுவிடம் ராத்திரி தயிர் சேர்க்க வேண்டாம் என்று சொல், இருமல் வராது. நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக, குறை இல்லாமல் இருக்க அந்தக் கஸ்பா கணபதி காப்பாற்றட்டும். நீ ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறாய் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் அம்மா,
பாலாம்பாள் சுந்தரராமன்