கோட்டுக்கு மேலே ஒரு மாத்திரை

அன்பு ஜோன் அக்காவுக்கு, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, கொண்டுவரும் ஸ்டீவ் அண்ணாவுக்கும்கூட, கெஞ்சிக் கேட்கிறேன். மாதா தயவில் சாந்தோமில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் முக்கால்வாசி நலம் என்றுதான் எழுத முடிகிறது. டப்ளினில் நீ எப்படி இருக்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? பத்தாம் வகுப்பு என்று என் போனை மம்மி பீரோவில் பூட்டிவிட்டாள், அதனால்தான் விடியற்காலை விமானம் ஏறும் அண்ணாவின் பெட்டியில், மம்மி உனக்குச் சுட்ட கல்கல் பலகார டப்பாவுக்கு அடியில் இதை வைக்கப்போகிறேன். கல்கல் கொஞ்சம் கருகியிருக்கும். மம்மி அடுப்பைத் திட்டினாள், அடுப்பு பதில் பேசவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து டாடியின் ஏழு அறை மாத்திரை டப்பாவை நிரப்புவது நீ போனபிறகு எனக்கு வந்த பதவி. இந்த ஞாயிறு மெடிக்கல் ஷாப் மெஹபூப் அலி அங்கிள் கடை வாசலில் ஒரு நோட்டீஸ். பிரஷர் மாத்திரை சில பேட்சில் ஏதோ ரசாயனம் வரம்புக்கு மேல் இருக்கிறதாம், புற்றுநோய் வரலாமாம், கம்பெனி திரும்ப வாங்குகிறதாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் டாடியின் அட்டையில் அதே பேட்ச் நம்பர். சித்தப்பா அதில் போனதிலிருந்து அந்த நோயின் பெயரையே இங்கே யாரும் சொல்வதில்லை, உனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. அட்டையை என் ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவிட்டு, அதே ரோஸ் நிறத்தில் இருந்த மம்மியின் வைட்டமின் மாத்திரையை ஏழு அறையிலும் போட்டுவிட்டேன்.

இன்று புதன், அண்ணாவுக்குப் பெட்டி வாங்க தி.நகர் போனோம். ரங்கநாதன் தெரு நடுவில் டாடி ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார், முகமெல்லாம் வேர்வை, பின்மண்டை வலிக்கிறது என்றார். பை தூக்கச் சொன்னா மட்டும் இந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் தலைவலி வருமோ என்றாள் மம்மி. மாத்திரையெல்லாம் கரெக்டா போட்டுக்கினுதாம்பா கீறேன், என் பொண்ணே டப்பா ரொப்பித் தர்றா என்று டாடி கடைக்காரரிடம் பெருமையடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா.

திரும்பி வரும்போது அங்கிள் கடை வாசலில் அந்த நோட்டீஸை மறுபடி படித்தேன். கடைசி வரியை அன்று நான் படிக்கவே இல்லை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டு மாற்றி வாங்குங்கள் என்று இருந்தது. அப்போதுதான் மருந்துகளுக்கு வரம்பு குறிக்கும் உன் வேலையைப் பற்றி நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஒருவர் எழுபது வருஷம் தினமும் விழுங்கினாலும், லட்சம் பேரில் ஒருவருக்கு மேல் அதனால் நோய் வரக்கூடாது, அப்படிக் கணக்குப் போட்டுத்தான் கோடு கிழிப்போம் என்றாய். நான் இட்லி தின்றுகொண்டே ம் போட்டேன். டாடி அந்த அட்டையிலிருந்து விழுங்கியது இருபது நாள்தான். கோட்டைத் தாண்டினால் அன்றைக்கே ஆள் விழுந்துவிடுவார் என்று நினைத்துவிட்டேன். இப்போது அவரை உட்கார வைத்தது நான் நிறுத்திய நான்கு நாள்.

இதைப் படித்ததும் போன் பண்ணி மம்மியிடம் நீயே சொல்லிவிடு, உன்னை என்றால் திட்டமாட்டாள். மாதா உன்னைக் காப்பாற்றுவாள், ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, கல்கல் டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பு, மம்மி கேட்பாள்.

கதவு தட்டுகிறார்கள். டாடிதான். கரோல், மம்மிய எழுப்பாதடா, மண்ட இடிக்குது, நாளைக்குப் போடற மாத்திரைய இப்பவே டப்பாலேர்ந்து எடுத்துக் குடும்மா என்கிறார். நீ போன் பண்ணும்வரை இது தாங்காது அக்கா, கதவைத் திறந்து உண்மையை நானே