நிலவுக்குப் போன நம் சீட்டு

இன்று காலை உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை என் கையில் கொடுத்தார். சாமி மாடத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. கூரை ஒழுகி, லேமினேஷனுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கற்பூர வாசனை மட்டும் போகவில்லை.

“இன்னொண்ணு எடுத்துக் குடு கண்ணு. பேரு அழிஞ்சிடப் போவுது,” என்றார்.

சில வாரங்களாக உன் அம்மா எதிரில் வந்தால் நான் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தச் சீட்டை நாம் எடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஒரு தனியார் கம்பெனி நிலவில் இறங்கும் கலம் அனுப்புகிறது, பெயர் கொடுத்தால் சின்ன மின்னணுச் சில்லில் பதித்துக் கொண்டுபோகும், பெயர் போட்ட பயணச் சீட்டு ஒன்றும் தரும் என்று நூலகத்து மாத இதழில் படித்தவள் நான். சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நம் மலையில் யாருக்கு இரண்டு பெயர் இருக்கிறது? நீ யோசிக்காமல் முதல் கட்டத்தில் உன் பெயரையும் அடுத்ததில் என் பெயரையும் தட்டிவிட்டாய்.

“லூசு, அது ஒரே ஆளோட பேருடி.”

“இருக்கட்டும். அங்க கும்மிருட்டா இருக்குமாம். நான் மட்டும் தனியா போவணுமா?”

உனக்கு இருட்டென்றால் அவ்வளவு பயம். ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஊருக்கு நடக்கும்போது, புளியமரங்கள் வந்ததுமே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாய். பயத்தை மறைக்க பதினேழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்வாய். அதுவும் தப்புத் தப்பாக.

ராக்கெட் கிளம்பும் முன்பே உனக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் பாதை அறுந்து ஜீப் வரவில்லை. உன்னைத் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், நீ திரும்பவில்லை.

காரியம் முடிந்தும் உன் அம்மா சோறு தொடவில்லை. நான்தான் சீட்டைக் கொடுத்து, “அவ பேரு நிலாவுக்குப் போவுது அத்த,” என்றேன். அன்றைக்குச் சாப்பிட்டார். பிறகு பிறை தெரியும் நாளெல்லாம் களத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார்.

கலம் இறங்கியது. இறங்கியதும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. வெயில் வாங்க வேண்டிய பலகை நிழலில் மாட்டிக்கொண்டது. பாட்டரி தீர்ந்து பேச்சு நின்றது என்று செய்தித்தாளில் படித்து, அந்தத் தாளைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். அங்கே ஓர் இரவு நம் கணக்கில் பதினான்கு நாள். சில்லில் இருப்பது எழுத்துதான், நீ இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று ராத்திரி விளக்கை அணைக்கவில்லை. உன்னை அங்கே கொண்டுபோய்ப் போட்டது நான்தானே?

இன்று சீட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“அப்போ இருட்டுலயா கெடக்குது?”

“தனியா இல்ல அத்த. இங்க பாருங்க. மொத பேரு அவளுது. பக்கத்துல இருக்கறது என் பேரு.”

அவருக்குப் படிக்கத் தெரியாது. இத்தனை நாளும் முழுவதும் உன் பெயர் என்றே நினைத்திருக்கிறார். ஈரச் சீட்டின்மேல் அவர் விரல் என் பெயருக்கு வந்து நின்றது. ஆறுதலடைவார் என்று நினைத்தேன். முகம் வெளிறிவிட்டது.

“உசுரோட இருக்கற பொண்ணு பேரு அங்க இன்னாத்துக்கு?”

தன் மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, என் கையில் கட்டினார். இரண்டு முடிச்சு.

“நீயும் எங்கயும் போய்டாத கண்ணு. இன்னொரு சீட்டு வாணாம்.”

உனக்கு இது சிரிப்பாக இருக்கும். கிரகணத்தைப் படம் வரைந்து விளக்குகிற நான், காலையிலிருந்து இந்தக் கயிற்றை அவிழ்க்கவில்லை. இரண்டு முடிச்சில் ஒன்று உனக்கா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மழை விட்டுவிட்டது. சாயங்காலம் பிறை தெரியும். உன் அம்மா களத்துக்கு வருவாரா, தெரியாது. நான் போவேன். நீ என் சட்டைக் கையைப் பிடித்தது போல இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதினேழாம் வாய்ப்பாட்டை உன்னைப் போலவே தப்பாகச் சொல்லிக்கொண்டு போவேன்.