கார்டியன் கையெழுத்து

திருத்தணி,
12-6-1948

அன்புள்ள காதர் அண்ணனுக்குத் தங்கை சபீராவின் ஸலாம்.

அம்மாவுக்கு முட்டி வலியைத் தவிர உடம்புக்கு வேறொன்றும் இல்லை. நானும் ஹனீஃபா மாமுவும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு நான் எழுதும் பதினோராவது கடிதம் இது. லாகூர் எஞ்சின் ஷெட்டுக்குப் போட்டவற்றில் நான்கு திரும்பி வந்துவிட்டன. ராவல்பிண்டிக்குப் போட்டதற்குப் பதில் இல்லை. கராச்சி ஷெட்டில் நம் பக்கத்து ஆட்கள் சிலர் வேலையில் இருப்பதாக அரக்கோணத்தில் மாமுவிடம் சொன்னார்களாம். அதனால் இதை அங்கே அனுப்புகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டேன், அண்ணா. காலேஜில் சேரத் தகுதியானவர்கள் பட்டியலில் என் நம்பர் இருக்கிறது. ஹெட்மாஸ்டரே வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, காதருக்கு உடனே எழுது என்றார்கள்.

சென்னையில் உள்ள பெண்கள் காலேஜிலிருந்து இண்டர்மீடியட் வகுப்புக்கு விண்ணப்பத் தாள் தருவித்து, மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். குரூப் என்ற இடத்தில் இயற்கை விஞ்ஞானம், பௌதிகம், ரசாயனம் என்று எழுதினேன். அந்தக் குரூப்பில் இருபது பேருக்குத்தான் இடமாம். லாபரட்டரியில் அவ்வளவு மேஜைதான் இருக்கிறது. சரித்திரம், தர்க்கம் என்றால் எத்தனை பேரானாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நம் ஷாஜாதி அக்கா பிரசவத்தில் துடித்தபோது, ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டோம் என்று பெண்கள் எல்லாரும் வாசலை அடைத்து நின்றது எனக்கு மறக்கவில்லை. அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்து நீங்கள் என்னிடம் சொன்னதும் மறக்கவில்லை. "நீ லேடி டாக்டருக்குப் படி. எவன் தடுத்தாலும் நான் பார்த்துக்கிறேன்" என்றீர்கள்.

இப்போது தடுப்பவர் யாருமில்லை. கார்டியன் என்று, தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு இடம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். அத்தா மவுத்தாகி இப்போது இல்லாததால் மாமு கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அம்மா ஒப்பவில்லை. "அவன் இருக்கச்சொல்ல நீ ஏன் போடணும்?" என்று கேட்டார்கள். மாமு எழுந்து வெளியே போய்விட்டார். அதனால் உங்கள் பெயரையும், இந்தியாவில் கடைசியாக நீங்கள் பார்த்த அரக்கோணம் எஞ்சின் ஷெட் பயர்மேன் வேலையையும் எழுதினேன். கையெழுத்துக்குத் தனித் தாள் ஒன்று உண்டு. அதை இதோடு வைத்திருக்கிறேன். ஜூலை ஐந்தாம் தேதி காலேஜில் கொடுக்க வேண்டும்.

போன ஆகஸ்டில் பாகிஸ்தான் ரயில்வேயில் வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, ஆறு மாதத்துக்குள் மனம் மாறினால் திரும்பலாம் என்று சர்க்கார் சொல்லியிருக்கிறது, சீக்கிரம் டிரைவர் ஆகிவிட்டு வருகிறேன் என்றீர்கள். பத்து மாதம் ஆகிவிட்டது. டில்லியிலிருந்து எழுதியது ஒன்றுதான் உங்கள் கடிதம். பக்கத்து வீட்டு எல்லம்மாள் அக்கா வரும்போதெல்லாம் அம்மா அதையே புதிதாக வந்தது போல என்னைப் படிக்கச் சொல்கிறார்கள். நானும் தேதியை விட்டுவிட்டுப் படிக்கிறேன்.

உங்களோடு ஒரே வண்டியில் போன ஃபக்ருதீன் அண்ணன் ஜனவரியில் திரும்பி வந்துவிட்டார். இடது கையில் இரண்டு விரல் இல்லை. அம்மா உங்களைப் பற்றிக் கேட்டதற்கு, "வேற ஷெட்டுக்கு மாத்தியிருப்பாங்கம்மா" என்றார். அன்று வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனார். பிறகு நம் தெருப்பக்கம் வருவதில்லை.

ஒரே ஒரு கையெழுத்து, அண்ணா. அதற்கு மேல் எழுத நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் பதிலைத் தினமும் தபால்காரரிடம் கேட்கும் தங்கை,
சபீரா


சென்னை, காலேஜ் ஹாஸ்டல்,
22-7-1948

அன்புள்ள காதர் அண்ணனுக்கு ஸலாம்.

நான் காலேஜில் சேர்ந்துவிட்டேன். கேட்ட குரூப்பே கிடைத்தது. இருபதில் பத்தொன்பதாவது மேஜை என்னுடையது. எப்படிக் கிடைத்தது என்பதை நீங்கள் வேறு யார் சொல்லியும் கேட்கக் கூடாது. அதனால் நானே எழுதுகிறேன்.

ஐந்தாம் தேதி வரை உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மாமு என்னை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டார். ஸ்டேஷனில் பார்த்தால் ஃபக்ருதீன் அண்ணனும் நின்றுகொண்டிருந்தார். மாமுதான் வரச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பட்டணத்தில் வழி தெரிந்தவர், துணைக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காலேஜில் நாற்பது ஐம்பது பெண்கள் தகப்பன்மாரோடு வரிசையில் நின்றார்கள். குமாஸ்தா வயதானவர். என் தாள்களைப் புரட்டிப் பார்த்து, எல்லாம் சரி, கார்டியன் கையெழுத்து எங்கே என்று கேட்டார். அண்ணன் ஊரில் இல்லை என்றேன். எங்கே என்றார். பாகிஸ்தான் என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. ஒருவர் தம் மகளைத் தோளில் தொட்டு ஓரடி பின்னுக்கு இழுத்தார்.

குமாஸ்தா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். தாழ்ந்த குரலில், "அவர்கிட்டேருந்து கடுதாசி வருதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "காணலைன்னு எழுத இதுல இடமில்லை. இருக்கார்னா கையெழுத்து வேணும். இல்லைன்னா, காலமாயிட்டார்னு நீ எழுதிக் கொடு. ரெண்டு பேர் சாட்சி போட்டா மாமாவைக் கார்டியனா மாத்திக்கலாம். பதினெட்டு இடம் முடிஞ்சுபோச்சு. சாயங்காலம் வரைக்கும் உனக்காக ஒண்ணு வெச்சிருக்க முடியாது" என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்தோம். சரித்திரம் எடுத்துக்கொள்கிறேன், அதற்கு இன்னும் ஒரு மாதம் தவணை இருக்கிறது, அதற்குள் அண்ணன் எழுதிவிடுவார் என்று மாமுவிடம் சொன்னேன். மாமு என் முகத்தைப் பார்க்காமல், "எழுதிகினு போய்க் குடு சபீரா. அவன் ஆசைப்பட்டது இதுதானே" என்றார்.

எழுதினேன், அண்ணா. 'என் தமையன் காதர் காலமாகிவிட்டார்' என்று எழுதினேன். நான்கு சொல். பரீட்சையில் எழுதுவது போல எழுத்து ஒழுங்காக வந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு என் கையைப் பிடிக்கவில்லை.

மாமு முதல் சாட்சியாகப் போட்டார். அழுதுகொண்டே போட்டார். பிறகு பேனாவை ஃபக்ருதீன் அண்ணனிடம் கொடுத்தார். அவர் மறுப்பார், காதர் இருக்கிறான், இதில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று சண்டை பிடிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் தாளைப் படிக்கக்கூட இல்லை. இரண்டு விரல் இல்லாத கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சட்டென்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது மணவூருக்கு முன்னால் சிக்னல் கைகாட்டி இறங்காமல் வண்டி வயலின் நடுவே நின்றது. நல்ல வெயில். எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஃபக்ருதீன் அண்ணன் மட்டும் எழுந்து கதவைத் திறந்து கீழே குதித்துவிட்டார். தண்டவாளத்தை விட்டுத் தள்ளிப் போய் நின்றார். மாமு கூப்பிட்டும் வரவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் ஓடி வந்து ஏறினார். சட்டை முழுக்க வேர்வை. "வண்டி நடுவுல நின்னா என்னால உள்ள உக்கார முடியல, தப்பா நினைச்சிக்காதீங்க" என்றார்.

அப்போது அவரிடம் கேட்டேன். அண்ணனைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நல்லா படிம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தோம். மாமுவுக்கு மறைக்கத் தெரியவில்லை. இரண்டாம் நாள் சொல்லிவிட்டார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். புடைப்பதை நிறுத்தவில்லை. "பரீட்சையில எல்லாத்தையும் சரியா எழுதினவ, இதையும் சரியாத்தான் எழுதினாளாமா?" என்று மாமுவிடம் கேட்டார்கள். என்னிடம் அன்றோடு பேச்சு நின்றது. நான் காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஹாஸ்டலுக்குப் புறப்பட்ட அன்று என் துணிகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் கிளம்பும்போது தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ரயிலுக்கு நேரமாகும் வரை, தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுக்காமல் உட்கார்ந்தேயிருந்தார்கள்.

மாமு போன வாரம் கார்டு போட்டிருந்தார். எல்லம்மாள் அக்கா அம்மாவிடம், பொண்ணு பட்டணத்தில் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாராம். "எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. ஊருக்குப் போயிருக்கான்" என்று அம்மா சொன்னார்களாம்.

இங்கே நோன்பு வைப்பது நான் ஒருத்திதான். வார்டன் அம்மா நல்லவர். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் நேற்று தவளையை அறுத்துக் காட்டினார்கள். மற்றப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. பேராசிரியை என் மனத்திடத்தைப் பாராட்டினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அண்ணா. பாடங்களை எழுதிக்கொள்கிறேன், ஆனால் எதுவும் உள்ளே இறங்கவில்லை.

நீங்கள் கோபித்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் என்னைச் செத்தவனாக எழுதிப் படிப்பு வாங்கினாயா என்று நாலு பக்கம் திட்டி எழுதுங்கள். அதை நான் முதலில் அம்மாவிடம் காட்டுவேன். பிறகு அந்தக் குமாஸ்தாவிடம் காட்டுவேன். பொய் எழுதிச் சேர்ந்தவள் என்று என்னை நீக்கிவிடுவார்கள். நீக்கட்டும். பத்தொன்பதாவது மேஜை வேறு யாருக்காவது போகட்டும். நான் டாக்டராக வேண்டாம். பொய் எழுதியவளாக இருந்தால் போதும்.

நோன்புப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு எனக்கு விலாசம் தெரியவில்லை. கராச்சிக்கே மறுபடியும் போடுகிறேன். அல்லாஹ் உங்களை எந்த இடத்தில் வைத்திருந்தாலும் தாகமில்லாமல், பயமில்லாமல் வைத்திருக்கட்டும். அம்மா என்னை மன்னிக்கும்படி நீங்களும் அவனிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை சபீரா