மூடப்பட்டதாகச் சொல்லப்படும் இடம்

4 நவம்பர் 2025

தீபாவளி விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மூன்றரை மாதம்தான் என்று கணக்கு மிஸ் பலகையில் எழுதிவிட்டு அதன் கீழ் இரண்டு கோடு போட்டார்.

வீட்டில் படிக்க முடியாது. கீழே வாப்பாவின் தோல் பை மெஷின்கள் இரண்டு, மேலே நாங்கள் நான்கு பேர். மெஷின் ஓடினால் தரையில் வைத்த தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து போகும். என் எழுத்தும் அப்படித்தான் போகும். அதனால் எனக்கு அப்யாசிகாதான் எல்லாம். அப்யாசிகா என்றால் மராத்தியில் படிப்பறை. எங்கள் சந்து முடிகிற இடத்தில் ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. இருபது நாற்காலி, நான்கு ஃபேன், மாலை ஐந்து முதல் ஒன்பது வரை. காசு வாங்குவதில்லை.

இன்று மூன்று பேர்தான் வந்தோம். நான், வடிவு, பேங்க் பரீட்சை எழுதும் ஓர் அண்ணன். (வடிவின் முழுப் பெயர் சண்முகவடிவு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.)

கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருக்கிறது. டிசம்பர் மாதச் சராசரி வருகை பன்னிரண்டுக்குக் குறைந்தால் ஜனவரி முதல் அறை மூடப்படும். அறையைப் பார்த்துக்கொள்ளும் கோமதிநாயகம் அண்ணன் அதை ஒட்டிவிட்டு, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

6 நவம்பர்

ஏன் யாரும் வருவதில்லை என்று இன்று தெரிந்தது.

ஸ்மிதா என் வகுப்பு. நாலு சந்து தள்ளி வீடு. தினமும் பஸ் பிடித்து வடாலாவில் ஏதோ ஸ்டடி கஃபேக்குப் போகிறாள். "நீ எங்க படிக்கிற?" என்று ஹிந்தியில் கேட்டாள். அப்யாசிகாவில் என்றேன்.

"அது பந்த் ஆயிடுச்சே. போன்ல போட்டிருக்கு."

நேற்றுகூட அங்கே உட்கார்ந்து அமிலமும் காரமும் படித்தேன். அது மூடியிருக்கிறதாம்!

வீட்டுக்கு வந்து உம்மாவின் போனில் தேடினேன். போன வருஷம் 'லேபர் கேம்ப் அப்யாசிகா' என்று போட்டால் முதல் வரியிலேயே அறக்கட்டளையின் பக்கம் வரும். நேரம், வழி, அண்ணனின் நம்பர், எல்லாம் இருக்கும். நேரமும் காசு இல்லை என்பதும் எனக்கே அப்படித்தான் தெரிந்தது. இப்போது அந்தப் பக்கத்தையே காணோம். மேலே ஒரு பெட்டி, அதில் பெரிய எழுத்தில், "நிரந்தரமாக மூடப்பட்டது." கீழே விளம்பரம், விளம்பரம், விளம்பரம். ஏ.சி. உண்டு, காபி உண்டு. எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாட்டுங்காவில். எங்கள் இடத்தின் பெயர் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று இருந்தாலும் நாங்கள் இருப்பது தாராவி என்பது அதற்கு யார் சொல்வது?

கொரோனா சமயத்தில் அறை மூடியிருந்தது உண்மை. அப்போது யாரோ 'மூடியது' என்று குறித்திருக்க வேண்டும். திறந்து மூன்று வருஷம் ஆகிறது. திறந்ததை யாரும் குறிக்கவில்லை. அந்தப் பழைய குறிப்பைத்தான் இந்தப் பெட்டி இப்போது மேலே தூக்கிப் போடுகிறது போல.

7 நவம்பர்

'திருத்தம் சொல்லுங்கள்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சொன்னேன். "நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று வந்தது. நல்ல மரியாதை.

10 நவம்பர்

"உங்கள் திருத்தத்தை ஏற்க இயலவில்லை."

காரணம் இல்லை. கோமதி அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே வைத்துப் படித்தார்.

"நான் இங்கனதான உக்காந்திருக்கேன்? என்னையே இல்லங்குதா?"

"ஆமாண்ணே."

"அப்ப சம்பளத்த அங்க யாருக்கு குடுக்கானாம்?"

திறந்த கதவு முன் அவரை நிற்கவைத்து, கையில் இன்றைய பேப்பரைக் கொடுத்துப் படம் எடுத்தேன். வடிவு சொன்னாள், "ஏட்டி, இது ஆள் கடத்திட்டு அனுப்புற போட்டோ மாதிரி இருக்கு." அனுப்பிவிட்டேன்.

12 நவம்பர்

படமும் தள்ளுபடி. அதில் ஓர் ஆள் இருக்கிறாராம்.

ஆள் இருக்கிறார் என்பதைத்தானே நான் சொல்கிறேன்!

16 நவம்பர், ஞாயிறு

ஆறாவது திருத்தத்துக்குப் பதில் வந்ததா என்று பார்க்கப் போனால், மேலே இருக்கும் அந்தப் பெட்டி இப்போது காரணமும் சொல்கிறது. "வாசகர் வருகை குறைந்ததால் இந்தப் படிப்பறை மூடப்பட்டது."

யார் சொன்னா? யாருகிட்ட கேட்ட? நீ மூடிட்டன்னு சொன்னதாலதான வருகையே குறைஞ்சது! நீயே பூட்டிட்டு, ஆளு வரலன்னு நீயே எழுதுவியா?

உம்மா மேலே ஏறி வந்து, "போன்கிட்ட ஏன்ளா சண்ட போடுத? காதுல விழுமா அதுக்கு?" என்றார்.

விழாது. அதுதான் கோபம். மனுஷனாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்திருப்பேன்.

பெட்டிக்குக் கீழே 'மும்பையில் படிக்கச் சிறந்த பத்து இடங்கள்' என்று ஒரு கட்டுரை. அதே கட்டுரை, வார்த்தை மாறி, ஏழு பக்கங்களில். ஏழையும் படித்தேன். எழுதியவர் யாரும் எங்கேயும் போய் உட்கார்ந்து ஒரு பாடம் படித்ததாகத் தெரியவில்லை. பதினொன்றாம் பக்கம் வரை தேடினேன். அறக்கட்டளையின் பக்கம் எங்கும் இல்லை. கோமதி அண்ணன் வெள்ளிக்கிழமையே அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

19 நவம்பர்

வந்தவர்கள் நான்கு. டிசம்பர் பிறக்கப் பன்னிரண்டு நாள்.

தேடுகிறவர்களுக்கு அது சொல்லாது. சரி. தேடாதவர்களுக்கு நான் சொல்கிறேன்.

21 நவம்பர்

சந்து முனையில் கரும்பலகை இருக்கிறது. யார் இறந்தார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், கூட்டம் எங்கே, தண்ணீர் எந்த நாள் வராது, எல்லாம் அதில்தான் வரும். திருவேங்கடம் மாமா அதைக் கவனித்துக்கொள்கிறார். கட்சிக்காரர். சாக்பீஸ் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். கேட்டேன். "எழுது, ஆனா எழுத்து அழகா இருக்கணும்" என்றார்.

அழகாகவே எழுதினேன். ஏழாம் வகுப்பு வரை நான் தமிழ் மீடியம். கட்டுரைப் போட்டியில் இரண்டு முறை முதல் பரிசு. "கல்வியின் ஒளியை நாடும் மாணவச் செல்வங்களே" என்று தொடங்கிப் பதினான்கு வரி. பலகையின் ஓரம் வரை ஒரே அளவு எழுத்து. மாமா தள்ளி நின்று பார்த்துத் தலையாட்டினார்.

24 நவம்பர்

மூன்று நாளில் என் பதினான்கு வரிக்கு வந்தவர்கள் இருவர். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். பேப்பர் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று பலகைக்குப் பக்கத்துக் கடையில் பால் வாங்க நின்றேன். வேறு பள்ளியில் பத்தாவது படிக்கும் பையன்கள் இருவர். இரண்டு பேர் வீட்டிலும் தமிழ்தான். ஒருவன் பெயர் வாசிம், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

"க்யா லிகா ஹை ரே?" என்ன எழுதியிருக்கு என்று மற்றவன் கேட்டான்.

வாசிம் பலகையை ஏற இறங்கப் பார்த்தான். "பதா நஹீ. கோயி மர் கயா ஹோகா."

தெரியாதாம், யாரோ செத்துப்போயிருப்பார்களாம்! என் மாணவச் செல்வங்கள் அதன் முன் ஒரு நொடி தலையைக் குனிந்துவிட்டுப் போனார்கள்.

வடிவு சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. இது எனக்குத் தெரியாதா? என் தம்பியே அப்படித்தானே? தெரிந்தும் பதினான்கு வரி எழுதியிருக்கிறேன். யாருக்கு எழுதினேன்? பரிசு கொடுப்பவர்களுக்கு.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தனக்குப் பிடித்ததைக் காட்டுவது அந்தப் பெட்டி மட்டும் இல்லை போலிருக்கிறது.

25 நவம்பர்

"ஹிந்தில எழுதிப் போடேன்" என்கிறாள் வடிவு. மாட்டேன். அந்தப் பலகையில் ஹிந்தி வந்ததே இல்லை.

ஆனால் -

26 நவம்பர்

செய்துவிட்டேன். மொழி நம்முடையது, எழுத்து மட்டும் அவர்களுக்குத் தெரிந்த ஹிந்தி எழுத்து. ஆறே வரி:

சந்து கடைசில படிக்க எடம் இருக்கு. ஃபேன் இருக்கு. காசு இல்ல. போன்ல பந்த்னு போட்டிருக்கான். நம்பாத. வந்து பாரு.

ஐந்து நிமிஷம் தள்ளி நின்று பார்த்தேன். டியூஷன் போகும் பெண்கள் மூவர் நின்று எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்கள். 'எடம் இருக்கு' வந்ததும் ஒருத்தி, "ஐயே, எங்கம்மா பேசுற மாதிரி இருக்கு!" என்று கத்தினாள்.

27 நவம்பர்

பலகை துடைத்துக் கிடந்தது. மறுபடி எழுதினேன்.

28 நவம்பர்

மறுபடி துடைத்துக் கிடந்தது. மறுபடி எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே திருவேங்கடம் மாமா வந்து நின்றார். கையில் ஈரத் துணி.

"நசீர் மகதான நீ? நம்ம பலகையில அந்த எழுத்தா? இதுக்காகவா நாங்க அந்தக் காலத்துல கொடி புடிச்சோம்?"

நான் நகரவில்லை.

"மாமா, சத்தமா வாசிங்க."

"எதுக்கு?"

"வாசிங்க மாமா."

ஐம்பது வருஷம் பம்பாயில் இருப்பவருக்கு வாசிக்கத் தெரியாமலா இருக்கும்? முறைத்துக்கொண்டே வாசித்தார். பால் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இப்ப நீங்க பேசினது என்ன மொழி மாமா?"

துணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"வாய் இருக்கு உனக்கு" என்றார் கடைசியில். "மேல தமிழ் எழுத்துல போடு. அதுக்குக் கீழ இது இருக்கட்டும். மேலதான் தமிழ். புரியுதா?"

புரிந்தது. துணியை வாங்கி மேல்பாதியை நானே துடைத்தேன். மாணவச் செல்வங்களை விட்டுவிட்டேன். மேலேயும் அதே ஆறு வரிதான்.

2 டிசம்பர்

ஏழு பேர்.

5 டிசம்பர்

பதினொன்று. வாசிமும் வந்தான். செத்துப்போனது யார் என்று பார்க்க வந்தாயா என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. வடிவுக்குப் புரிந்தது. அண்ணன் எங்கள் இருவரையும் பத்து நிமிஷம் வெளியே நிற்கவைத்தார்.

11 டிசம்பர்

பதினாறு. ஒரு ஃபேன் ஓடவில்லை. யாரும் எழுந்து போகவில்லை.

ஸ்மிதா வடாலா பஸ்ஸை விட்டுவிட்டாள். முதல் நாள் வாசலில் நின்று, போனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது பொய் சொல்லுதா?" ஆமாம், பொய். அவளுக்கு அது கஷ்டமாக இருந்தது போலத் தெரிந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. எது கேட்டாலும் சரியாகச் சொன்ன ஒன்று ஒரு காலத்தில் இருந்ததே.

20 டிசம்பர்

வாப்பாவுக்கு அவசர ஆர்டர், இரண்டு மெஷினும் நாள் முழுக்க ஓடின. அப்யாசிகாவில் பதினெட்டுப் பேர். அப்படி ஒரு அமைதி.

31 டிசம்பர்

மாதச் சராசரி பதினான்கு. அண்ணன் மூன்று முறை கூட்டினார், நான் இரண்டு முறை. பிறகு அவர் கதவில் இருந்த கடிதத்தைக் கிழிக்காமல், நகத்தால் பசையைச் சுரண்டி முழுசாக எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்.

"எதுக்குண்ணே?"

"எங்கிட்ட இருக்கட்டும்."

9 ஜனவரி 2026

இன்று கணக்கு மிஸ் நிறுத்திவைத்தார். ஐந்தே முக்காலுக்குத்தான் போக முடிந்தது. இருபது நாற்காலியும் நிறைந்திருந்தது. வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. ஆண்டாப் ஹில்லில் இருந்து வருகிறாளாம். என்னை மேலும் கீழும் பார்த்து, "புதுசா? அஞ்சுக்கு முன்னாடியே வரணும் இங்க" என்றாள்.

சரி என்றேன்.

வடிவு உள்ளே நாற்காலியில் இருந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். இடம் தரவில்லை.

உம்மாவின் போனை எடுத்துப் பார்த்தேன். "நிரந்தரமாக மூடப்பட்டது." காரணமும் அப்படியே இருக்கிறது. திருத்தப் பொத்தானை அழுத்துவதை வாசலில் நின்ற இன்னொருவன் பார்த்துவிட்டான்.

"அரே, விடு அக்கா. அப்படியே இருக்கட்டும். இல்லாட்டி இன்னும் கூட்டம் வந்துரும். நமக்கு எடம் கெடைக்காது."

யோசித்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்தேன். எனக்குத் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.

பிறகு அனுப்பிவிட்டேன். பதினேழாவது திருத்தம்: "திறந்திருக்கிறது. நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே இடம் இல்லை."

அங்கேயே உட்கார்ந்து ஐந்து சமன்பாடு போட்டேன். நான்கு சரி.