பக்கத்து மேசைக் கணக்கு

நிந்தவூர்,
12.10.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் நம் மகளும் நலமாக இருக்கிறோம். நீங்களும் தலையிடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

தினமும் போனில் கதைக்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். றிம்சான் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். உங்களுக்கு அனுப்பும் பையில் மாசிச் சம்பலோடும் தொதலோடும் இதையும் வைத்திருக்கிறேன். போனில் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் கதைப்பீர்கள். அங்கே ஓர் அறையில் ஆறு பேர். இங்கே மகள் என் பக்கத்தில் இருப்பாள். இது அப்படிக் கதைக்கிற விசயம் இல்லை. தனியாக இருந்து வாசியுங்கள். நடுவில் கோபம் வந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

முதலில் வயல் செய்தி. மாரி வெள்ளாமைக்கு முதல் உழவு முடிந்தது. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விடவில்லை. மழையை நம்பி விதைப்போமா, பொறுப்போமா என்று வயலைச் செய்கிற இப்றாஹிம் காக்கா வந்து கேட்டார். பொறுப்போம் என்று சொன்னேன். குசினிக் கூரையில் ஒழுகிய இடத்துக்கு ஓடு மாற்றியாயிற்று.

இனி மகளுடைய விசயம். ஸுஹைறாவின் உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் நாலு கிழமைதான் இருக்கிறது. அவளைக் கன்னியர் நடத்தும் புனித கிளாறா மகளிர் கல்லூரியில் சேர்த்தபோது ஊரில் எத்தனை பேர் முகம் சுளித்தார்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விஞ்ஞானம் படிக்க அதுதான் நல்ல இடம் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். அதில் எனக்கு இன்றுவரை குறையில்லை. காலையில் அவர்கள் செபம் சொல்லும்போது நம்முடைய பிள்ளைகள் கை கட்டிச் சும்மா நிற்பார்கள். லுஹர் தொழுகைக்கு நூலகத்துப் பக்கத்து அறையை சிஸ்டர்மார் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். தொழ விரிக்கும் முசல்லாக்களைத் தோய்ப்பது எந்தக் கிழமை யாருடைய முறை என்று பிள்ளைகளே அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

உசாந்தினி என்று ஒரு பிள்ளையைப் பற்றி அவள் அடிக்கடி சொல்வாள். பாண்டிருப்புப் பிள்ளை. தகப்பன் தம்பையா கடற்றொழில். இரண்டு வருடமாக வகுப்பில் ஸுஹைறாவின் பக்கத்து மேசை. இவள் தொழுதுவிட்டு வரும்வரை அந்தப் பிள்ளை தன்னுடைய சோற்றுப் பெட்டியைத் திறக்க மாட்டாளாம். ஒரு வீட்டுக்குள் ஏழு பேர் இருப்பதால் படிக்க இடமில்லை என்று, பரீட்சை முடியும்வரை அவளைப் பாடசாலை விடுதியில் வைத்துக்கொள்ள சிஸ்டர்மார் சம்மதித்திருந்தார்கள்.

போன மாதம் முன்னோடிப் பரீட்சை நடந்தது. இரசாயனத் தாள்களைத் திருத்திய றெஜினா டீச்சர் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார். ஒரு பெரிய கணக்கில் கேள்வித்தாளில் 0.25 என்று இருந்ததை ஸுஹைறாவும் உசாந்தினியும் 0.52 என்று எடுத்துச் செய்திருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த வரிகளும் இரண்டு தாளிலும் ஒன்றேதான். ஒருவர் இலக்கத்தை மாற்றி வாசிக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி மாற்றி வாசிக்க ஏலாது.

இரண்டு பேரையும் அதிபர் சிஸ்டர் மெர்சியாவிடம் கூட்டிப்போனார்கள். உசாந்தினி தான் யாருடைய தாளையும் பார்க்கவில்லை என்று சொன்னாள். நம்முடைய மகள் ஒன்றும் பேசவில்லை. ஸுஹைறா மாணவத் தலைவி. போன வருடம் இரசாயனத்தில் எண்பத்திரண்டு எடுத்தவள். உசாந்தினி ஐம்பதுக்கு மேல் போனதில்லை. பார்த்து எழுதியது யார் என்று அவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. உசாந்தினிக்கு விடுதியில் தருவதாக இருந்த இடத்தை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் தம்பையா பாடசாலைக்கு வந்தாராம். கடலால் வந்த கையோடு சேட்டு மட்டும் மாற்றிக்கொண்டு வந்து, அதிபர் அறை வாசலில் நின்று ஒரு வார்த்தைதான் சொன்னாராம். “என்ட பிள்ள பாத்தெழுத மாட்டா சிஸ்டர். தெரியாட்டி, தெரியாதெண்டு விட்டுப்போட்டு வருவா.” அந்த நேரம் ஸுஹைறா வரவு இடாப்பைக் கொடுக்கப் போயிருக்கிறாள். வாசலில் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனாளாம். அன்றிலிருந்து உசாந்தினி பாடசாலைக்கு வரவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மகள் சாப்பிடாமல் கோப்பையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பரீட்சைப் பயம் என்று நினைத்துத் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். நாலாவது நாள் அஸர் தொழுதுவிட்டு நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் குந்தினாள்.  “நாந்தான் உம்மா பாத்தெழுதின. உசாந்தினி இல்ல” என்று சொன்னாள்.

மச்சான், இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு மூன்று தாள் கிழிந்தது. மகள் செய்ததை எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. நான் செய்ததை எழுதுவதுதான் கஷ்டம். நல்ல உம்மாவென்றால் உடனே எழுந்து, வா மகள் போய்ச் சொல்லுவோம் என்று கையைப் பிடித்திருப்பாள். நான் அப்படிச் செய்யவில்லை. துருவியதை மூடி வைத்துவிட்டு, பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சொன்னேன். இப்போது சொன்னால் பேரும் போகும், வாப்பாவின் மனமும் உடைந்துபோகும் என்று சொன்னேன். யாருக்கும் வாய் திறக்கக் கூடாதென்றும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்து, “அப்ப உசாந்தினிக்குப் பரீட்சை இல்லையா உம்மா?” என்று கேட்டாள்.

 போய் முகத்தைக் கழுவு என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நீங்கள் போன் எடுத்தீர்கள். எல்லாம் நல்லம் என்று சொன்னேன். அந்தப் பொய்க்கு என்னை மன்னியுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் வழக்கம்போல பஸ் ஏறிப் போனாள். பத்து மணிக்குப் பாடசாலையிலிருந்து போன் வந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். சிஸ்டருடைய மேசையில் மகளுடைய மாணவத் தலைவி பட்ஜ் கிடந்தது. யாரும் கழற்றச் சொல்லவில்லையாம். உண்மையைச் சொல்வதற்கு முதலே அவள் கழற்றி வைத்துவிட்டாளாம்.

சிஸ்டர் என்னை இருக்கச் சொன்னார். சத்தம் போடுவார் என்று நினைத்துப் போன எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க வேறு மாதிரி இருந்தது. தாங்களும் பிழை விட்டுவிட்டதாகச் சொன்னார். கெட்டிக்காரப் பிள்ளை எது, ஏலாத பிள்ளை எது என்று நாங்களே முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் விசாரித்தோம் என்று சொன்னார். அப்போதுதான் நானும் சொன்னேன், இரண்டு நாளாக வாயை மூடச் சொன்னவள் நான்தான் என்று. மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அதை அவள் சிஸ்டருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் பாடசாலை வேனில் சிஸ்டரும் நானும் மகளும் பாண்டிருப்புக்குப் போனோம். தம்பையா கடலுக்குப் போயிருந்தார். உசாந்தினியின் தாய் சின்னத்தங்கம் முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாங்கோ என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. சிஸ்டர் வெயிலில் நின்றபடியே, உங்கள் பிள்ளையைச் சந்தேகப்பட்டது எங்களுடைய பிழை, மன்னிப்புக் கேட்க வந்தோம் என்று சொன்னார். நானும் கேட்டேன். அதற்குப் பிறகுதான் சின்னத்தங்கம் கையைக் கழுவிவிட்டுக் கதிரைகளை எடுத்துப் போட்டார்.

உசாந்தினி வெளியே வந்து கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். நம்முடைய மகள் அவளுக்கு முன்னால் போய், “நாந்தான் உசா பாத்தெழுதின. பயத்துல வாய் தொறக்கல்ல” என்று சொன்னாள்.

அந்தப் பிள்ளை அழவுமில்லை, ஏசவுமில்லை. “நான் இலக்கத்தப் பிழையா எடுத்தது கூடவா உனக்கு விளங்கல்ல?” என்று கேட்டாள்.

“விளங்கல்ல” என்றாள் மகள்.

எனக்கு அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் விளங்கியது மச்சான். பதின்மூன்றாம் தரம் தொடங்கியதிலிருந்து அந்தப் பாடம் அவளுக்கு விளங்கவில்லை. பழைய தாள்களைப் பாடமாக்கித்தான் இவ்வளவு நாளும் புள்ளி எடுத்திருக்கிறாள். பாடமாக்க முடியாத கணக்கு வந்ததும் பக்கத்து மேசையைப் பார்த்திருக்கிறாள். விளங்கவில்லை என்று டீச்சரிடம் கேட்கவும் பயம். கேட்டால் எனக்குச் சொல்வார்கள், எனக்குச் சொன்னால் உங்களுக்குத் தெரியும்.

இப்போது நிலைமை இதுதான். அந்தத் தாளுக்கு அவளுக்கு சைபர். பட்ஜ் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. உயர்தரப் பரீட்சை எழுதத் தடையில்லை. உசாந்தினி திங்கட்கிழமையே பாடசாலைக்கு வந்தாள். காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சிஸ்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாராம். விடுதியில் இடமும் கொடுத்துவிட்டார்கள். ஸுஹைறாவைப் பார்த்துச் சில பிள்ளைகள் குசுகுசுப்பார்களாம். பொறுத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் பழையபடி இல்லை. சாப்பாட்டு நேரம் இப்போது வேறு வேறு. ஆனால் விளங்காத பிள்ளைகளுக்கு றெஜினா டீச்சர் பின்னேரத்தில் வைக்கும் வகுப்பில், போன வியாழக்கிழமை உசாந்தினி வாங்கில் கொஞ்சம் தள்ளி இருந்து இவளுக்கு இடம் விட்டாளாம். அதை வந்து சொன்ன அன்று இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அவளுக்கு டொக்டர் படிப்புக்குப் புள்ளி வருமா என்று டீச்சரிடம் நேராகவே கேட்டேன். இந்த முறை கஷ்டம் என்றார். உயிரியலில் பிள்ளைக்கு உண்மையான விருப்பம் இருக்கிறது, அந்த வழியில் படிக்க வேறு எத்தனையோ இருக்கிறது என்றும் சொன்னார். இதை வாசிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினொரு வருடமாக அந்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் டொக்டர்மாரின் வெள்ளைக் கோட்டுகளை மடிக்கிறீர்கள். ஒவ்வொரு கோட்டிலும் மகளுடைய பெயரைப் பார்க்கிறேன் என்று ஒரு தரம் சொன்னீர்கள். நான் அதை மறக்கவில்லை. மகளும் மறக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பாரமாகிவிட்டது.

அவளை ஏச வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. செய்தது பிழை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஏசிவிட்டு இன்னொரு காரியமும் செய்யுங்கள். நீங்கள் சாதாரணதரத்தில் கணக்குப் பாடம் இரண்டு முறை சரிவராமல், மூன்றாம் முறை எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒலுவில் கடற்கரையில் பகல் முழுக்க இருந்துவிட்டு வந்த கதை, இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் சொன்னீர்கள். யாருக்கும் சொல்லாதே என்றீர்கள், இன்றுவரை சொல்லவில்லை. மகளுக்கு அதை நான் சொன்னால் சரிவராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சரி, அழுதுகொண்டு சொன்னாலும் சரி. பரீட்சை தொடங்குவதற்கு முதல் சொல்லுங்கள். ஸ்பீக்கரைப் போடாமல் சொல்லுங்கள். அந்த நேரம் நான் வெளியே வளவுக்குள் போய் நின்றுகொள்கிறேன்.

அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக. உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள பயத்தை எடுத்துவிடுவானாக. அடுத்த லீவு எப்போது என்று நான் கேட்பதில்லை. இந்த முறை கேட்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
றாஹிலா