ஈசாக் மாமன் வீட்டுக் கிணறு

1978 ஜனவரி 9, திங்கள்
அண்ணன் மனைவி மைனியின் விரல்களில் மறுபடியும் புண். ஆணியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். "சாயம் முக்குனா இப்பிடித்தான் வரும் பிள்ளே, நீ போய்ப் படி" என்றாள். கறுப்புச் சாயம் நூலில் நிற்பதற்காக அண்ணன் ஓர் ஆரஞ்சு உப்பு போடுகிறான். அதில் இருப்பது குரோமியம். கல்லூரியில் நான் கையுறை போட்டுத்தான் அதைத் தொடுகிறேன். அதனாலா? வேறு எதனாலாவதா?

ஜனவரி 12
எங்கள் சாயப்பட்டறையின் கழிவுக் குழிக்கு அடுத்த வீடு ஈசாக் மாமனுடையது. அவர்கள் கிணற்றில் ஒரு குப்பி தண்ணீர் எடுத்தேன். "எதுக்கு மோளே?" என்று மாமனின் மனைவி ஜெயபாய் மாமி கேட்டாள். கல்லூரிக்கு என்றேன். பொய்யில்லை. உண்மையும் இல்லை.

ஜனவரி 13
சோதனைத் திரவத்தை விட்டதும் லேசான ஊதா நிறம். குரோமியம் இருக்கிறது! என் ஆய்வுக்கு வழிகாட்டும் தேவகுமார் சார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒரு குப்பியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இங்கே ஆய்வகத்திலேயே கலந்திருக்கலாம். இன்னும் எடு." சரிதான். ஆனால் அதுவரை அவர்கள் எதைக் குடிப்பார்கள்?

ஜனவரி 19
இரண்டாவது குப்பியில் நிறமே இல்லை. மூன்றாவதில் இருக்கிறது.

ஜனவரி 22, ஞாயிறு
அண்ணனிடம் சொல்லிவிட்டேன். குடியிருந்தவர்களுக்கே மண்ணைக் கொடுத்த குடிகிடப்புச் சட்டத்தில் அப்பாவுக்குக் கிடைத்த பத்து சென்ட் நிலம். அதில் அண்ணன் துபாய் வெயிலில் வெந்து சம்பாதித்துக் கட்டிய பட்டறை. எப்படிப் பொறுப்பான்?

"ஒண்ணுல உண்டுங்கிற, ஒண்ணுல இல்லங்கிற. ஒனக்கே தெரியாத்ததுக்கு நான் பட்டறையப் பூட்டணுமா?"

"பூட்டாண்டாம் அண்ணா. மாமிகிட்ட மட்டும் சொல்லுவோம்."

"சொன்னா நாளைக்கு நாடே வாசல்ல வந்து நிக்கும்!"

மைனி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 23
சொன்னேன். "உறப்பாத் தெரியாது மாமி, சந்தேகந்தான். எதுக்கும் குடிக்க வேற கிணத்துல எடுங்க." மாமி இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். "தெரியாதுன்னா எதுக்குப் பிள்ளே சொல்லுக? பிள்ளையளுக்குக் குடிக்கக் குடுத்த வெள்ளமாக்கும்."

மாமியிடம் சொன்னது தெரிந்து அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

பிப்ரவரி 5
அண்ணனுக்குத் தெரியாமல் மைனி கொஞ்சம் நூல் தந்தாள். கல்லூரியில் ஆரஞ்சு உப்புக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு முக்கினேன். நல்ல கறுப்பு. சோப்புப் போட்டதும் காப்பி நிறம்.

பிப்ரவரி 14
மறுபடியும் காப்பி. நான் என்னதான் செய்துகொண்டிருக்கிறேன்?

பிப்ரவரி 26, ஞாயிறு
பெராக்சைடில் போடுவதற்கு முன் நூலை நன்றாக அலசிப் பார்த்தேன்; சூட்டையும் குறைத்தேன். கறுப்பு நின்றது! ஏன் நின்றது என்று முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. மைனிதான் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தாள். அவன் சோப்புப் போட்டுக் கசக்கினான், வெயிலில் போட்டான், மறுபடியும் கசக்கினான்.

மார்ச் 15
ஒரு கொப்பரை நூல் முழுவதையும் அண்ணன் புது முறையில் முக்கியிருந்தான். நெய்யாற்றின்கரை நெசவுக்காரர் கறுப்பு மங்கல் என்று பாதியைத் திருப்பிவிட்டார். மைனிக்குப் புதிதாகப் புண் வரவில்லை. ஆனால் மாமன் கிணற்றில் இன்னும் ஊதா; மாமி வேறு கிணற்றிலிருந்துதான் சுமக்கிறாள். குழியில் ஊறிக் கிடப்பது எப்போது தீரும் என்றால், சாருக்கும் தெரியவில்லை. நான் செய்தது சரியா? சரியென்றால் ஏன் எல்லோருக்கும் கஷ்டம்?

ஏப்ரல் 2
அண்ணன் ஆள் வைத்துப் பழைய குழியைத் தோண்டுகிறான். மேல்மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று என்னைக் கேட்டான். ஜனவரிக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. தெரியாது என்றேன். சாக்கில் கட்டி, மழை படாமல் வைக்கச் சொன்னேன்.

ஜூன் 11, ஞாயிறு
காட்டாக்கடை வியாபாரி ஒருவர் மலிவாக ஒரு பச்சைச் சாயம் கொண்டுவந்தார். அண்ணன் அதில் மாதிரிக்கு ஒரு பொட்டலம் மட்டும் வாங்கி என் மேசையில் வைத்தான்.

"இதுக்குள்ள என்ன உண்டுன்னு பாத்துச் சொல்லு மக்கா."

"பாக்குறேன் அண்ணா. ஆனா எனக்குத் தெரியாமலும் போகும்."

"தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லு. அதுவரைக்கும் வாங்காண்டாம்."