மில் வாசலில் உதறிய துணி

12.2.1958, புதன், திண்டிவனம்

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில்லை விட்டு வெளியே போகும் பெண்களின் மடியைச் சோதிப்பது என் வேலை. மத்தியானம், பசியில் அழுத கைப்பிள்ளையை, உள்ளே பருப்பு உடைக்கும் அஞ்சலையின் நாத்தனார் வாசலுக்குத் தூக்கி வந்தாள். அஞ்சலை பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது கணக்குப்பிள்ளை என்னிடம், "துணிக்குள்ள பருப்பைத் திணிச்சிக்கினு இருப்பா, பாரு" என்றார். பிள்ளையை மாரிலிருந்து பிடுங்கி, அதைச் சுற்றியிருந்த துணியை உதறினேன். என் விரலெல்லாம் பால் வழிந்தது. ஒரு பருப்புகூட இல்லை. அதற்குள் இடைவேளை முடிந்து சங்கு ஊதிவிட்டது.

"பசி அடங்கலக்கா, இன்னும் கொஞ்சம் குடிச்சிக்கட்டும்" என்றாள் அஞ்சலை.

"ஜல்தி உள்ள போடி" என்றேன்.

மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் நான். ராத்திரி சோற்றில் கை வைத்தால் அந்தப் பால் வாடை குமட்டுகிறது. கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டேன், போகவில்லை. நாளை மத்தியானமும் அந்தப் பிள்ளை வரும். வாசலில் நான்தான் நிற்பேன்.